கட்டையைத்தான கேட்ட

எங்கள் வீட்டுக்காரம்மா யாருக்கும் உதவி செய்ததாக ஐந்து வீடுகள் சேர்ந்த அந்த வளவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். பத்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அவர் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள்கூட என் கையைப் பிடித்ததில்லை. விழுந்தபோதும் தூக்கவில்லை. அதனால்தான் அவரை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. இடது காலில் இடுப்புவரை இரும்பும் தோல்வாருமாக ஒரு காலிப்பர், கக்கத்தில் ஓர் ஊன்றுகட்டை. கட்டை என்றுதான் சொல்வோம். இரண்டும் இருந்தால் நடப்பேன். இல்லாவிட்டால் உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்வேன். விஷயம் இவ்வளவுதான். ஆனால் சுந்தரபாண்டியத்தில், எங்கள் வீட்டில், என்னை நடக்கவும் விடமாட்டார்கள், நகரவும் விடமாட்டார்கள். எடுத்து வைப்பார்கள். காலையில் கட்டிலிலிருந்து எடுத்து நாற்காலியில் வைப்பார்கள். வெயில் வந்தால் எடுத்து நிழலில் வைப்பார்கள். காயப்போட்ட நெல்லிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அண்ணன் தங்கமானவர். மதினியும் அப்படித்தான். அவர்கள் பாசத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் எனக்குத் தாகம் எடுக்கிறதா இல்லையா என்பதை அடுத்தவர்கள் முடிவு செய்துகொண்டிருக்க, கழுதை வயதாகியும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. உட்கார்ந்த இடத்து வேலை. துணியை வெட்டிச் சுருட்டி, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்கவேண்டும். ஊர் உலகத்தில் உடைகிற கால்களுக்கெல்லாம் நான் சுருட்டிய துணி போனது. என் காலுக்கு மட்டும் அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. தினமும் பஸ்ஸில் போய்வர அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை, அதனால் ராஜபாளையத்திலேயே தனியாகத் தங்குகிறேன் என்றேன். வீடே கூடி அழுதது. நான் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அண்ணன் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

"நீ ஒரு தடவை விழுந்தேன்னு என் காதுக்கு வந்துச்சுன்னா, அன்னைக்கே வண்டியோட வந்து கூட்டிட்டு வந்துருவேன். பொறவு வேலை கீலைன்னு பேசக்கூடாது."

சரி என்றேன். விழாமல் இருப்பது என் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீடு பார்க்க அண்ணனும் கூட வந்தார். போன இடத்திலெல்லாம் அவரைத்தான் கேட்டார்கள். "கூட யாரு இருப்பா?" யாரும் இல்லை. "அப்ப இந்தப் பிள்ளையை யாரு பார்த்துக்கிடுவா?" அதோடு அந்த வீடு முடிந்தது. இந்த வீட்டுக்காரம்மா மட்டும் அண்ணனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். காலைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். சந்தையில் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி, நேராக, கூச்சமே இல்லாமல் பார்த்தார். குட்டையான உருவம், தடித்த கண்ணாடி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கிற இன்ஸ்பெக்டர் மாதிரி நிற்பார். தூங்கும்போது தவிர அவர் கைகளை முன்னால் பார்த்தவர்கள் குறைவு.

"இங்க முறைவாசல் உண்டு. அஞ்சு வீடு, வாரத்துக்கு ஒரு வீடு. செய்வியா?" என்றார்.

"அவளால எப்படிம்மா..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"உங்களைக் கேக்கலை தம்பி."

செய்வேன் என்றேன். முறைவாசல் என்றால், வளவுக்குப் பொதுவான நடையையும் தெருவாசலையும் விடியுமுன் கூட்டிக் கழுவி, தண்ணீர் தெளித்து, கோலம் போடவேண்டும். ஒரு வாரம் முழுக்க ஒரு வீட்டுப் பொறுப்பு. வீட்டுக்காரம்மாவுக்கும் அதில் ஒரு வாரம் உண்டு. நான் அதுவரை வாரியலைக் கையில் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

என் முதல் முறை வந்தது. அலாரம் வைத்து எழுந்து, காலிப்பரை மாட்டி வெளியே வந்தால் வாசல் பளிச்சென்று இருக்கிறது. பெரிய தேர்க்கோலம். பக்கத்து வீட்டு ஃபிட்டர் சம்சாரம் எனக்காக இரக்கப்பட்டு, சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் போயிருந்தாள். மில்லில் ஃபிட்டராக இருந்தவரின் மனைவி, நல்ல மனசு. ஆனால் அந்தத் தெருவில் ஒவ்வொருத்தி கோலமும் கையெழுத்து மாதிரி. தேரின் நாலு சக்கரத்தையும் நாலு அளவில் போடுகிறவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். சுந்தரபாண்டியம் எனக்கு முன்னால் பஸ் பிடித்து வந்துவிட்டதே என்று இருந்தது.

வீட்டுக்காரம்மா வந்தார். கோலத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தேரின் தலையில் ஊற்றினார். தேர் சாக்கடைக்குப் போனது.

"உன் முறை. வாசல் அப்படியே கிடக்கு," என்றார் என்னிடம்.

ஃபிட்டர் சம்சாரம் ஓடிவந்தாள். "ஏன் அம்மா, பாவம், கால் விளங்காத பிள்ளை. நான் செஞ்சா என்ன?"

"அவ உன்னைச் செய்யச் சொன்னாளா?"

"சொல்லலை. அதுக்காக..."

"அப்ப உனக்கு என்ன சோலி?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு பேர் மேலும் வந்தது. காலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டையை நடைக் கதவில் சாத்தினேன். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வாளியில் பாதித் தண்ணீர் வைத்து முன்னால் தள்ளித் தள்ளி நகர்ந்தேன். உட்கார்ந்தபடியே கூட்டினேன், தெளித்தேன். கோலம் போடும்போது ஒரு சிக்கல். போட்ட இடத்தின்மேல் நகர்ந்தால் அழியும், அதனால் பின்னால் நகர்ந்து நகர்ந்து போடவேண்டியிருந்தது. போட்டு முடித்து நிமிர்ந்தால் நான் தெருவில் இருக்கிறேன். எனக்கும் வீட்டுக்கும் நடுவில் கோலம். கட்டை அந்தப் பக்கம். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தவிப்பது தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் அசையவில்லை. செத்த நேரம் கழித்து, "என்ன வேணும்? வாய் இருக்குல்லா," என்றார்.

"கட்டையை எடுத்துக் குடுங்க."

எடுத்தார். நேராகக் கோலத்தின் நடுவில் நடந்துவந்து நீட்டினார். நான் போட்ட ஒரே தாமரை அவர் பாதத்தோடு போனது.

"கோலத்தை மிதிச்சிட்டீங்களேம்மா."

"நீ கட்டையைத்தான கேட்ட. சுத்தி வரணும்னு சொல்லலையே."

அன்றைக்கு நாள் பூராவும் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டே அவரைத் திட்டினேன். மறுநாள் கட்டையையும் கூடவே இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். வாரக் கடைசியில் என் தாமரை கொஞ்சம் தாமரை மாதிரியே வந்தது.

அவர் எல்லாரிடமும் அப்படித்தான் என்று தெரிய நாளானது. உப்பு கேட்டால் உப்பு கொடுப்பார். குழம்பு என்னவென்று விசாரிக்கமாட்டார். கடைசி வீட்டுக்காரரின் அப்பா இறந்தபோது போய் நின்று, "என்ன வேணும்?" என்றார். அவர் அழுதுகொண்டே, "இனி எனக்கு என்னம்மா வேணும், ஒண்ணும் வேண்டாம்," என்றார். வீட்டுக்காரம்மா "சரி" என்று திரும்பி வந்து இட்லிக்கு மாவு ஆட்ட உட்கார்ந்துவிட்டார். பிற்பாடு கடைசி வீட்டுக்காரரே வந்து ரெண்டு பெஞ்ச் கேட்டார். ரெண்டு பெஞ்ச் போனது. மூன்றாவது பெஞ்ச் வீட்டுக்குள் சும்மாதான் கிடந்தது, அவர் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் எங்களிடமும் தெலுங்குதான். பாதி புரியும், பாதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம், அவர் சொன்னதைவிட நாங்கள் நிரப்பியது மோசமாக இருக்கும்.

நடையில் ஒரு படி இருந்தது. எனக்கு அது மலை. ஏற ஒவ்வொரு தடவையும் சுவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். அப்புறம் போய்க் கேட்டேன். "இந்தப் படியைச் சரிவாப் பூசிக் குடுத்தா நான் ஏறிக்கிடுவேன்." மறுநாள் கொத்தனார் வந்துவிட்டார். ஃபிட்டர் வேலை முடிந்து வந்து, கையில் சைக்கிளோடு அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, சைக்கிள் ஏத்த நான் எம்புட்டு வருசமாக் கேக்கேன்?"

"தூக்கி ஏத்த அலுப்பா இருக்குன்னுதான சொன்ன. அலுப்புக்கெல்லாம் கொத்தனார் விட முடியுமா?"

ஃபிட்டர் அன்றிலிருந்து சைக்கிளை அந்தச் சரிவில்தான் ஏற்றினார். ஏற்றும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் என் முறை. தெருவாசல் சிமெண்டில் பாசி. முந்தின நாள்தான் ஃபிட்டர் அதே இடத்தில் சைக்கிளோடு சறுக்கி விழுந்திருந்தார். அன்று காலிப்பரைக் கழற்றாமலே வாசலுக்குப் போனேன், கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. கட்டையின் நுனி வழுக்கியது. வாளி ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம், நான் நடுவில். தாடை தரையில் மோதி ரத்தம். ஃபிட்டர் சம்சாரம் அலறிக்கொண்டு வெளியே வந்தாள். தூக்க ஓடிவந்தவளை, "நில்லு," என்று ஒரே வார்த்தையில் நிறுத்தினார் வீட்டுக்காரம்மா. அதே கதவோரம். அதே கை கட்டல்.

"ஏட்டி, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்." எனக்கு அழுகை முட்டியது. வலியில் பாதி, அவர் மேலுள்ள கோபத்தில் பாதி.

"சரி," என்றார். ஆனால் உள்ளே போகவில்லை. மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றார். நான் புரண்டு பார்த்தேன். கையை ஊன்றினால் கை வழுக்கியது. கொஞ்ச நேரத்தில் ரோஷம் எல்லாம் மழையோடு போய்விட்டது.

"நாற்காலி வேணும்."

கொண்டுவந்தார்.

"இன்னும் கிட்ட."

நகர்த்தினார்.

"அசையாமப் பிடிங்க."

நாற்காலியைப் பிடித்தார், என்னைப் பிடிக்கவில்லை. நான் அதைப் பற்றி ஏறி எழுந்துவிட்டேன். அவர் குனிந்து நாற்காலியைப் பிடித்திருந்தபோது அவர் முகம் எனக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர், கண் தெரியவில்லை.

ஃபிட்டர் சம்சாரத்துக்கு மனசு கேட்கவில்லை. புருஷனிடம் சொன்னாள். ஃபிட்டருக்கும் மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் சுந்தரபாண்டியத்து ஆள் ஒருவரைப் பிடித்துச் சொன்னார். மனசு கேட்காதவர்களாகச் சேர்ந்து என் அண்ணன் காதுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலையில் வாசலில் வேன் நின்றது. கட்டிலை ஏற்றிக் கட்டக் கயிறு வேறு கொண்டுவந்திருந்தார்.

என் தாடையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேராக வீட்டுக்காரம்மாவிடம் போனார். இவர் எப்படியும் உள்ளதைச் சொல்லப்போகிறார், நாளைக் காலையில் என்னை எடுத்து நாற்காலியில் வைக்கப்போகிறார்கள், பிறகு நிழலில் வைக்கப்போகிறார்கள், சாகும்வரை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"விழுந்தாளாம்மா?"

"விழுந்தா."

"நீங்க பார்த்துக்கிட்டா இருந்தீக?"

"ஆமா."

"தூக்கலையா?"

"தூக்கச் சொல்லலை. நாற்காலி கேட்டா. குடுத்தேன்."

"பெத்த பிள்ளையா இருந்தா இப்படி நிப்பீகளா?"

வீட்டுக்காரம்மா வாசலைக் கண்ணால் காட்டி, "இதே இடத்துல முந்தாநாளு ஃபிட்டரு விழுந்தாரு. அவருக்கும் சாத்தூர்ல ஒரு அண்ணன் இருக்காக. அவிய யாரும் வேன் கொண்டாரலையே," என்றார்.

நடையில் நின்ற ஃபிட்டர் முழங்கையில் இருந்த காயத்தைத் தடவிக்கொண்டார்.

"அவரும் இவளும் ஒண்ணாம்மா?"

"ரெண்டு பேருக்கும் முறைவாசல் உண்டு," என்றார். பிறகு, "கூட்டிட்டுப் போறதுன்னா போங்க தம்பி. ஆனா அவளை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வாய் இருக்குல்லா," என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், பழக்கமில்லை. கையில் கயிற்றைச் சுற்றினார், பிரித்தார்.

"வாறியாம்மா?"

என் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "வரலைண்ணே," என்றேன்.

அண்ணன் கயிற்றைக் கீழே போட்டார். "பின்ன என்னதான் வேணும் உனக்கு?" என்றார்.

"வாசல் வழுக்குதுண்ணே. அந்தச் சிமெண்டைக் கொத்திவிட்டுட்டுப் போங்க."

ஃபிட்டர் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். தங்கச்சியை ஏற்றிப்போக வேன் கொண்டுவந்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் குந்தி, சிமெண்டைக் கொத்த ஆரம்பித்தார். வீட்டுக்காரம்மா தலைக்குமேல் நின்று, "இங்க இன்னும் கொஞ்சம். அந்த ஓரம் விட்டுட்டீக," என்று மேஸ்திரி வேலை பார்த்தார். மத்தியானம் வேன் சும்மா போனது. அதன் பிறகு அண்ணன் எப்போது வந்தாலும் முதலில் செருப்பால் அந்த வாசலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

தொண்ணூறுகளின் நடுவில் வீட்டுக்காரம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் இருந்த மகள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அவர் முறை வரும் வாரங்களில் வளவு வாசல் அநாதையாகக் கிடந்தது. யார் செய்வது என்று பேசிக்கொண்டோம். செய்தால் திட்டுவார் என்று எல்லாருக்கும் பயம். ஆள் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு மரியாதை.

சில மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். அதற்குள் பஸ் ஏறக் கற்றுக்கொண்டிருந்தேன். கண்டக்டரிடம் கட்டையைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறவேண்டியதுதான். என்னைப் பிடிக்க வந்தால், "கட்டையை மட்டும்," என்பேன்.

கட்டிலில் படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். இரண்டு கையும் போர்வைக்கு மேல் முன்னால் கிடந்தன. அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போல் ஆனது. மகள் பாசக்காரி. கட்டில் ஓரத்தில் எனக்கு இடம் ஒதுக்கி உட்காரவைத்து, காபி கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கலைக்கா. காலையில எடுத்து உக்கார வைக்கோம், பொறவு எடுத்துப் படுக்க வைக்கோம். டாக்டரு நடக்கலாம்னுதான் சொன்னாரு. நாங்கதான் விடலை. விழுந்துட்டாங்கன்னா? என்னமோ பேச்சும் குறைஞ்சு போச்சு இப்பல்லாம்."

எடுத்து, எடுத்து என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்குச் சுந்தரபாண்டியத்து நாற்காலி ஞாபகம் வந்தது. வீட்டுக்காரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன்.

"பேச மாட்டாங்கக்கா," என்றாள் மகள்.

நான் விடவில்லை. "வாய் இருக்குல்லா," என்றேன்.

கண் மெதுவாக என் பக்கம் வந்தது. கட்டில் சட்டத்தில் சாத்தியிருந்த கட்டையைப் பார்த்தது.

"உன் கட்டையைக் குடு."

கொடுத்தேன். மகள் பதறிப்போய்த் தாங்க வந்தாள். "கட்டையைத்தான கேட்டாக," என்றேன். "விழுந்துட்டா யாருக்கா பதில் சொல்றது?" என்றாள். "விழுந்தா என்ன வேணும்னு கேளுங்க," என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

அவர் காலைக் கீழே இறக்கினார். கட்டை அவருக்கு உயரம். கக்கத்தில் வைக்காமல், இரண்டு கையாலும் கம்பைப் பற்றுவதுபோலப் பற்றினார். எழுந்தார். பாதியில் நின்றார். உடம்பு முழுக்க ஆடியது. என் கை தானாக அவர் இடுப்புக்குப் போய்விட்டது. வெடுக்கென்று இழுத்தேன். மறுபடியும் போனது. கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விரல் நோகிற அளவுக்குப் பிடித்தால்தான் நின்றது. அந்த மனுஷி இத்தனை வருஷமாக எனக்கு என்ன செய்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் நிமிர்ந்துவிட்டார். கட்டையை ஒரு தட்டு, காலை ஒரு இழுப்பு, இப்படியே தெருவாசல் வரை போய்விட்டார். மகள் சுவரோடு ஒட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். வெயில், ஒரு மாட்டுவண்டி, எதிர்வீட்டுக் கோலம், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். எதிர்வீட்டுக் கோலத்தைப் பற்றித் தெலுங்கில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது.

பிறகு தலையை மட்டும் திருப்பினார்.

"ஏட்டி, உனக்கு என்ன வேணும்?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"கட்டை," என்றேன்.

"செத்த இரு," என்றார்.